தவானைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கும்,

வணக்கம். ஜூலை 27, அப்துல் கலாம் நினைவு நாள். அக்டோபர் 15, அவருடைய பிறந்த நாள். இந்த இரண்டு நாட்களிலும் தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நூலக அரங்குகளிலும் நீங்கள் பேசுகிறீர்கள், மாணவர்களையும் பேச வைக்கிறீர்கள். அந்தப் பேச்சுகளில் தவறாமல் ஒரு கதை வரும். 1979-ல் ராக்கெட் கடலில் விழுந்தது. கலாம் இடிந்துபோனார். அவருடைய தலைவர் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்று, தோல்வியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். மறு வருடம் ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. அன்றைக்கு அதே தலைவர் ஒதுங்கிக்கொண்டு, பத்திரிகையாளர்களிடம் பேசச் சொல்லிக் கலாமை அனுப்பிவைத்தார். அரங்கத்தில் கைதட்டல் எழும். பேச்சு அடுத்த கதைக்குப் போய்விடும்.

அந்தத் தலைவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அவர் பெயர் சதீஷ் தவான். பல பேச்சுகளில் இந்தப் பெயர்கூட வருவதில்லை. ‘அவருடைய தலைவர்’, ‘இஸ்ரோ சேர்மன்’, சில சமயம் வெறும் ‘மேலதிகாரி’. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏற்ற இறக்கத்தோடு, கண் கலங்கும்படி சொன்ன பிள்ளைகள் உண்டு. பிறகு பக்கத்தில் கூப்பிட்டு, அந்தத் தலைவர் யார், அவர் வேறு என்ன செய்தார் என்று கேட்டால் விழிப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் கொடுத்தது அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்தப் பெயரை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒவ்வொரு ராக்கெட் ஏவும்போதும் டிவியில் ‘ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள சதீஷ் தவான் விண்வெளி மையத்தில் இருந்து’ என்று சொல்கிறார்கள். 2002 செப்டம்பரில் அந்த ஏவுதளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அன்றிலிருந்து அது ஓர் இடத்தின் பெயராகவே பழகிவிட்டது. அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருந்தார் என்பது மறந்துபோகிறது.

சரி, முதலில் 1979-க்கே வருகிறேன். அந்தக் கதையின் நடுவில் முக்கியமான ஒரு பகுதியை நாம் சொல்லாமல் தாண்டிவிடுகிறோம்.

ஆகஸ்ட் 10, 1979. எஸ்எல்வி-3, இந்தியா சொந்தமாகக் கட்டிய முதல் செயற்கைக்கோள் ஏவுகலம். ஏறத்தாழ 23 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். கலாம் திட்ட இயக்குநர். கடைசி நிமிடங்களில் கணினி ஏவுதலை நிறுத்தச் சொன்னது என்று கலாமே பின்னாளில் மேடைகளில் விவரித்திருக்கிறார். கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருக்கிறது, ஆனாலும் தேவையான அளவு எரிபொருள் மிச்சம் இருக்கிறது என்று உடனிருந்த வல்லுநர்கள் கூறினார்கள். அதை ஏற்றுக் கணினியைத் தாண்டி ஏவும் முடிவைக் கலாம் எடுத்தார். காலை 7.58-க்கு ராக்கெட் கிளம்பியது. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. 317 நொடிகளில் எல்லாம் முடிந்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தள்ளி வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் பல நூறு பேர் பாடுபட்டுக் கட்டியது ஆறு நிமிடத்துக்குள் போயிற்று.

தவான் பத்திரிகையாளர்கள் முன் போனது அதற்குப் பிறகுதான். இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள், மாணவர்களையும் நிறுத்தி யோசிக்கச் சொல்லுங்கள். கணினி நிறுத்தச் சொல்லியும் திட்ட இயக்குநர் ஏவ முடிவு செய்தார் என்று அன்று அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது. மறுநாள் பத்திரிகைகள் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் தலைப்பாகப் போட்டிருக்கும். மக்கள் பணம் கடலில் கொட்டப்பட்டது என்று கொதித்தவர்களின் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்திருப்பார். தவானும் தப்பியிருப்பார், இஸ்ரோவும் ஓரளவு தப்பியிருக்கும். உண்மையான ஒரு சாக்கு இருந்தும் அதை அவர் எடுக்கவில்லை. தோற்றது இஸ்ரோ, அதன் தலைவன் நான், இந்தக் குழுவின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அடுத்த ஆண்டு செய்து காட்டுவார்கள் என்ற பொருளில் பேசிவிட்டு வந்தார். ‘பெருந்தன்மை’ என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை.

ஏன் போதவில்லை என்றால், அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். விசாரணை நடந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசை மாறாமல் வைத்திருக்கும் அமைப்புக்கு நைட்ரிக் அமிலம் தேவை. அது ராக்கெட் கிளம்பும் முன்பே வடிந்துவிட்டிருந்தது. புறப்பட 8 நிமிடம் இருக்கும்போது தந்த கட்டளைக்குத் திறந்த ஒரு வால்வு, உள்ளே அழுக்குச் சிக்கியதால் மூடாமல் நின்றுவிட்டது. 17 டன் ராக்கெட்டைக் கடலில் தள்ளியது ஒரு சின்ன வால்வில் சிக்கிய தூசிதான்.

தவான் தலைமையில் இஸ்ரோ விஞ்ஞானிகள் கூடிய கூட்டத்தில் இந்த முடிவு வைக்கப்பட்டது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அப்போது கலாம் எழுந்து, கசிவை எடைபோட்டதில் தவறு தன்னுடையது, ஏவுதலைத் தான் நிறுத்தியிருக்க வேண்டும், பொறுப்பு தன்னுடையது என்று சொன்னார். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வெளியே நின்று தலைவர் பழியை ஏற்றார். உள்ளே நின்று திட்ட இயக்குநர் பழியை ஏற்றார். மேடையில் நாம் முதல் பாதியை மட்டும் சொல்கிறோம்.

பழி தேடும் ஓர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். வால்வைத் துடைத்தவர் வாய் திறப்பாரா? அளவைக் குறித்தவர் தன் குறிப்பேட்டைக் காட்டுவாரா? ஆளாளுக்குக் காகிதத்தை மறைப்பார்கள், அடுத்த ராக்கெட்டிலும் அதே தூசி இருக்கும். வெளியிலிருந்து வரும் அடியைத் தலைவர் வாங்கிக்கொண்டதால்தான் உள்ளே இருந்தவர்களால் பயமில்லாமல் உண்மையைத் தோண்ட முடிந்தது. என் பார்வையில் தவானின் பணிவு ஒரு வேலை முறை. அது இல்லாமல் 1980 ஜூலை 18 வந்திருக்காது. அன்று காலை எஸ்எல்வி-3 மறுபடியும் கிளம்பி, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. முதல் தோல்விக்கும் இந்த வெற்றிக்கும் இடையில் ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

கூடவே இன்னொருவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் பிரம்ம பிரகாஷ். உலோகவியல் அறிஞர். 1979-ல் நொறுங்கிப்போயிருந்த கலாமைப் பக்கத்தில் இருந்து தேற்றியவர். அவரை அந்தப் பதவிக்குக் கொண்டுவந்தவர் தவான்.

இப்போது கதைக்கு முன்னால் போகிறேன். தவான் 1920 செப்டம்பர் 25 அன்று ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் படித்தார். என்ன படித்தார் என்று மாணவர்களிடம் சொன்னால் வியப்பார்கள். கணிதமும் இயற்பியலும் ஒரு பட்டம், ஆங்கில இலக்கியம் ஒரு முதுகலைப் பட்டம், அப்புறம் இயந்திரப் பொறியியல். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த குரூப் என்று பதறும் நம் வீடுகளுக்கு இந்த ஒரு தகவல் நல்லது. பிறகு அமெரிக்கா போனார், முதலில் மினசோட்டா பல்கலைக்கழகம், அப்புறம் கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம். அவர் அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில் நாடு பிரிந்தது. அவர் படித்த லாகூர் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது.

கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மன் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்து 1951-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அறிவியல் ஆசிரியர்களே, இது உங்களுக்கு. வேகமாகப் போகும் விமானத்தின் மேற்பரப்பைக் காற்று உரசி இழுக்கிறது அல்லவா? அந்த உராய்வு எவ்வளவு என்று கணக்குப் போடலாம், நேரடியாக அளப்பது கடினம், ஏனென்றால் அது மிகச் சிறிய விசை. தவான் ஒரு தட்டையான பலகையின் சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, பலகையோடு ஒட்டாமல் அசையும்படி வைத்தார். காற்று ஓடும்போது அந்தத் துண்டு நகரும் மிக நுண்ணிய அசைவிலிருந்து விசையை அளந்தார். ஒலியை விட வேகமாகக் காற்று ஓடும்போதும் அளந்தார். அந்தத் துறைப் பாடநூல்களில் இடம்பெற்ற வேலை அது. விசை, உராய்வு பாடம் நடத்தும்போது இந்தச் சோதனையைப் பலகையில் ஒரு படமாக வரைந்தால் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

படித்து முடித்ததும் 1951-லேயே திரும்பி வந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். ஒலியை விட வேகமாகக் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் சூப்பர்சானிக் காற்றுச் சுரங்கம், நாட்டிலேயே முதலாவதை, அங்கே கட்டினார். 1962-லிருந்து 1981 வரை கழகத்தின் இயக்குநர். அந்தப் பதவியில் அத்தனை காலம் வேறு யாரும் இருந்ததில்லை. அந்த வருடங்களில் அவர் யார் யாரைக் கொண்டுவந்து சேர்த்தார், எதற்கெல்லாம் இடம் கொடுத்தார் என்று பார்த்தால்தான் மனிதர் பிடிபடுகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த ஜி. என். ராமச்சந்திரன், 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதற்கு வழி செய்தவர் தவான். விமானப் பொறியாளர் ஒருவர் தலைமை தாங்கிய கழகத்தில் மாதவ் காட்கில் சூழலியல் வளர்த்தார். 1974-ல் அமுல்ய ரெட்டி கிராமங்களுக்கான தொழில்நுட்பப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார். புகை குறைந்த அடுப்பும் சாண எரிவாயுவும் அங்கே ஆராய்ச்சிப் பொருளாயின. ஒரு பக்கம் ராக்கெட், ஒரு பக்கம் விறகடுப்பு. இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்த நிர்வாகி நமக்கு எத்தனை பேர் கிடைத்திருக்கிறார்கள்?

விண்வெளித் துறைக்கு அவர் வந்த விதமும் சொல்ல வேண்டியது. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் விக்ரம் சாராபாய் திடீரென இறந்துபோனார். இந்திய விண்வெளித் திட்டமே அவர் தோளில்தான் நின்றது. அப்போது தவான் விடுப்பில் கால்டெக்கில் இருந்தார். பொறுப்பேற்கும்படி இந்திரா காந்தி கேட்டார். உடனே ஓடி வரவில்லை தவான். கால்டெக்கில் எடுத்த வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். இந்திய அறிவியல் கழக இயக்குநர் பதவியை விட மாட்டேன் என்றார். இஸ்ரோ தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்றார். பிரதமர் ஒப்புக்கொண்டார். இடைக்காலத்தில் இயற்பியலாளர் எம். ஜி. கே. மேனன் பார்த்துக்கொண்டார், 1972 செப்டம்பரில் தவான் வந்து பொறுப்பேற்றார். பணிவான மனிதர் என்றால் எதற்கும் தலையாட்டுகிறவர் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அதனால் இந்தப் பகுதியை விடாமல் சொல்லுங்கள்.

அவர் வந்தபோது இஸ்ரோ என்பது ஆங்காங்கே சிதறிக் கிடந்த, ஆர்வம் மிகுந்த இளைஞர்களின் கூட்டம். சாராபாய் கனவைத் தந்திருந்தார், அதை வேலை செய்யும் ஒரு நிறுவனமாக்கும் பொறுப்பு தவானுடையது. பிரம்ம பிரகாஷைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தார், இயற்பியலாளர் யஷ் பாலை அகமதாபாத் மையத்துக்கு. செயற்கைக்கோள் வேலை யு. ஆர். ராவ் கையில் இருந்தது. பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கொட்டகைகளில் ராவின் குழு இந்தியாவின் முதல் செயற்கைக்கோளை, 360 கிலோ எடையுள்ள ஆரியபட்டாவை, கட்டியது. 1975 ஏப்ரல் 19 அன்று அது சோவியத் மண்ணிலிருந்து கிளம்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் ஒரு செயற்கைக்கோளை ஓராண்டுக்குக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். அதுவரை டிவிப் பெட்டியையே பார்த்திராத ஊர்களில் விவசாயமும் சுகாதாரமும் படிப்பும் மாலை நேர நிகழ்ச்சிகளாக வந்தன. ராக்கெட்டை விட இதைத்தான் நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன். ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்ற கேள்விக்குப் பதிலைக் கிராமத்துத் திண்ணையிலேயே வைத்தார்கள்.

1979 அவருடைய ஒரே தோல்வியும் அல்ல. ஆரியபட்டாவில் சில நாட்களிலேயே மின்சாரம் கோளாறாகி அறிவியல் சோதனைகள் நின்றன. 1982 ஏப்ரலில் போன தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் இன்சாட்-1ஏ அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பயனற்றுப் போனது. ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடினார்கள், அடுத்ததைக் கட்டினார்கள். 1983 ஆகஸ்டில் போன இன்சாட்-1பி நாடு முழுவதற்கும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் கொண்டுவந்தது. எந்தத் திட்டமும் மறு ஆய்வுக் குழுக்களின் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதை இஸ்ரோவின் பழக்கமாக்கியவர் அவர். வெளியே பாதுகாத்தார், உள்ளே கேள்வி கேட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் தவான்.

அப்புறம், பறவைகள்.

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை வழியாக ஸ்ரீஹரிகோட்டா போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கும். தமிழ்நாடும் ஆந்திராவும் பகிர்ந்துகொள்ளும் உப்பங்கழி. மழைக்காலம் முடியும் பருவத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும், கூழைக்கடாக்கள் வட்டமடிக்கும். ராக்கெட் வேலையாக வந்துபோன தவான் இந்த ஏரியின் பறவைகளை ஆசையோடு பார்த்தவர். வெறும் ரசனை மட்டும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் காற்றையும் இறக்கையையும் படித்தவருக்கு ஒரு கூழைக்கடா தரையிறங்குவதே ஒரு பாடம்தானே. 1984-ல் பொறுப்பை யு. ஆர். ராவிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றபின், பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதைக் காற்றியக்கவியலோடு விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். 1991-ல் வெளிவந்தது. தன் பெருமைகளை எழுதி வைக்க அவருக்கு நேரம் இருந்தது. பறவைகளைப் பற்றி எழுதினார். 2002 ஜனவரி 3 அன்று பெங்களூரில் காலமானார்.

நம் பக்கத்திலும் அவரை நினைத்தவர்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு, மாணவர்களைக் கொண்டு செய்த ஒரு சிறு செயற்கைக்கோளுக்கு அவர் பெயரை வைத்தது. 2021 பிப்ரவரி 28 அன்று பிஎஸ்எல்வி-சி51 ராக்கெட் அதை ஏந்திப் போனது. சதீஷ் தவான் பெயரிலான செயற்கைக்கோள், சதீஷ் தவான் பெயரிலான தளத்திலிருந்து. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தவான் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கலாம் கதையைச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். கலாமே தன் வாழ்நாளெல்லாம் மேடை மேடையாகத் தவானின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தியவர். அவரைப் போற்றும் நாம் அந்தப் பெயரை விழுங்கிவிட்டு ‘தலைவர்’ என்று மட்டும் சொல்வது அவருக்கே சங்கடமாக இருக்கும். பெயரைச் சொல்லுங்கள். வால்வில் சிக்கிய தூசியைச் சொல்லுங்கள், கூட்டத்தில் கலாம் எழுந்து நின்றதைச் சொல்லுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்தால் 2,400 கிராமங்களையும் பறவைப் புத்தகத்தையும் சொல்லுங்கள்.

தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மேலதிகாரி நல்லவராக இருக்க வேண்டும் என்ற அளவில் இந்தக் கதையை முடிக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களில் பலர் நாளைக்கு ஒரு சின்ன குழுவுக்காவது தலைவராவார்கள். தங்கள் கீழே வேலை பார்க்கிறவர் தவறு செய்த நாளில், அந்தத் தவறைச் சொல்லித் தாங்கள் தப்பிக்க முடிகிற நாளில், அவர்களுக்கு 1979 ஆகஸ்ட் 10 ஞாபகம் வர வேண்டும். அதற்கு அந்தக் கதையின் கடினமான பகுதியை அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 25 தவான் பிறந்த நாள். அது காலாண்டுத் தேர்வு நேரம் என்று தெரியும், தனி விழா வேண்டாம். எஸ்எல்வி-3 வென்ற ஜூலை 18 பள்ளி நடக்கும் நாட்களில் வருகிறது, கலாம் நினைவு நாளுக்கு ஒன்பது நாள் முன்னால். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவரையோ மாணவியையோ தவானைப் பற்றிப் பேச விடுங்கள். வசதி இருக்கும் பள்ளிகள், ஏவுதலைப் பார்வையாளர் அரங்கிலிருந்து காட்டப் பிள்ளைகளை ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அழைத்துப் போகிறீர்கள். நல்ல காரியம். போகிற வழியில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி, பறவைகளையும் காட்டுங்கள். ஏவுதளத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் இந்தப் பறவைகளை எதற்காகப் பார்த்தார் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

மிக்க அன்புடன்,
பேச்சுப் போட்டிகளின் நடுவர் மேசையிலிருந்து ஒருவர்